பெரியப்பாவின் எல்எஸ்3/5ஏ: பழையதை வைத்துக்கொள்வதா, புதியது வாங்குவதா?

தடப்பள்ளி (கோபி)

இத்தனை நாள் இந்த இணைய மன்றத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளம்.

பெரியப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். 1982-ல் மில் செலவில் இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போனவர், திரும்பும்போது ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கையோடு தூக்கி வந்தார். ரோஜர்ஸ் கம்பெனி செய்த எல்எஸ்3/5ஏ. பின்பக்கச் சீட்டில் 15 ஓம் என்று போட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் ஐந்து செங்கலை அடுக்கிய அளவுதான். அவர் பாட்டைவிடப் பேச்சைத்தான் அதிகம் கேட்பார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சிற்றலை ரேடியோவிலிருந்து வயரை இழுத்து ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து லண்டன் தமிழோசை வைப்பார். சிற்றலையின் இரைச்சலுக்கு நடுவிலும், செய்தி வாசிக்கிறவர் எங்கள் ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், திண்டில் சாய்ந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

அவர் போன பிறகு 11 வருடம் அது பரணில் கிடந்தது. போன பொங்கலுக்குப் பெரியம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். தூசு தட்டி, 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றில் மாட்டிக் கேட்டேன். குரல் நடுவில் நிற்காமல் இடது பக்கம் சாய்கிறது. வலது பெட்டி போர்வை போர்த்திய மாதிரி மங்கலாக இருக்கிறது.

போன மாதம் வடவள்ளியில் ஒரு நண்பர் வீட்டில் இதே எல்எஸ்3/5ஏ-வின் புதிய ஜோடியைக் கேட்டேன். ஃபால்கன் என்ற கம்பெனி செய்தது, அதுவும் 15 ஓம். குரல் அப்படியே நடுவில், ஆள் உயரத்தில், அசையாமல் நின்றது. வீட்டுக்கு வந்து என்னுடையதைக் கேட்டால் மனசு கஷ்டமாகிவிட்டது.

என்னுடையதை வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார். விற்றுவிட்டு, கையிலிருந்து கொஞ்சம் போட்டுப் புதியது வாங்கலாமா? 40 வருடத்தில் பழையது தேய்ந்துபோய்விட்டதா? இல்லை, புதியதுதான் உண்மையிலேயே மேலா? எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, ஆசாரத்தில் சிவப்புக் காவித் தரை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்னல் (திருப்பூர்)

தம்பி, நான் விற்றுவிடச் சொல்வேன். ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு எல்எஸ்3/5ஏ வேண்டாம்.

அந்த ஸ்பீக்கருக்கு டிரைவர், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் பாகம், செய்து கொடுத்ததே கெஃப் கம்பெனிதான். அதே கெஃப் 2012-ல் தன் 50-ஆம் ஆண்டுக்கு எல்எஸ்50 என்ற ஸ்பீக்கரைக் கொண்டு வந்தது. எல்எஸ்3/5ஏ-வை மனதில் வைத்துச் செய்தது என்று அவர்களே சொன்னார்கள். மேல் ஒலி தரும் ட்வீட்டர், அடி ஒலி தரும் வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் எந்த உயரத்தில் இருந்து கேட்டாலும் குரல் உடையாது. நான் ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். என் வீட்டுக்குப் பின்னால் பனியன் கம்பெனி, பகலெல்லாம் மெஷின் சத்தம். அதைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் சக்தி வேண்டும். பழைய எல்எஸ்3/5ஏ-வின் உணர்திறன், அதாவது கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, 82.5 டெசிபல்தான். சத்தமாக வைத்தால் மூச்சு வாங்கும், தவில் அடித்தால் கோன், அதாவது வூஃபரில் அதிரும் கூம்பு, தடுமாறும். பழைய பொருள் மேல் பாசம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் தினமும் கேட்பதற்கு என்று வந்தால் புதியதுதான்.

பஞ்சாலை (கோவை)

விற்காதீங்க. பாசத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முதலில் அவிழ்க்க வேண்டும்.

எல்எஸ்3/5ஏ ஒரு கம்பெனியின் மாடல் இல்லைங்க. அது பிபிசி எழுதிய ஒரு வரையறை. எல்எஸ் என்றால் ஒலிபெருக்கி. 3 என்பது வெளிப்புற ஒலிபரப்பு வேலைக்கானது என்பதைக் குறிக்கும். அந்த வகையில் 5-ஆவது வடிவமைப்பு, 'ஏ' அதன் திருத்தம். ஸ்டூடியோக்களின் ஒலியமைப்பை எட்டில் ஒரு பங்கு மாதிரியாகச் செய்து ஆராய்ந்தபோது பிபிசிக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் தேவைப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இது. ஒலிபரப்பு வேனுக்குள் பொறியாளர் ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, பேசுகிறவரின் குரல் சரியாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுதான் இதன் வேலை. உங்கள் பெரியப்பா செய்தியும் பேச்சும் கேட்டதற்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி உலகத்தில் கிடையாது.

டிரைவர் இரண்டும் கெஃப்புடையவை. வூஃபர் 5 அங்குல பி110, பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக் கோன். மேலே டி27 ட்வீட்டர். பெட்டி 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், உள்ளே பீச் மரச் சட்டம். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஹார்பெத், கடைசியில் கெஃப் என்று பலர் பிபிசி உரிமம் வாங்கிச் செய்தார்கள். யார் செய்தாலும் ஒன்றுபோல ஒலிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மரச் சட்டத்தை வேறு மரத்தில் போட்டபோது ஒலியின் நிறம் மாறியதைக்கூட பிபிசி பொறியாளர்கள் கவனித்துப் பதிந்திருக்கிறார்கள். அவ்வளவு கறார்.

இதற்கும் நம்ம ஊர்த் தொழிலுக்கும் ஒரு ஒட்டு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வார்ஃபெடேல் கம்பெனியை 1932-ல் ஆரம்பித்த கில்பர்ட் பிரிக்ஸ், யார்க்‌ஷயரில் துணி வியாபாரத்தில் இருந்தவர். தன் வீட்டு நிலவறையில் முதல் ஸ்பீக்கரைச் செய்தார். அவரிடம் வேலை பார்த்த ரேமண்ட் குக், அதற்கு முன் பிபிசியில் இருந்தவர், 1961-ல் வெளியே வந்து கெஃப்பை நிறுவினார். அந்த கெஃப்பில் பி110, டி27 இரண்டையும் வடிவமைத்தவர் மால்கம் ஜோன்ஸ். பிறகு அவர் ஃபால்கனை நடத்தினார். துணிக்காரர் ஒருவர் போட்ட விதை பஞ்சாலைப் பொறியாளர் ஒருவரின் ஆசாரத்தில் வந்து முளைத்திருக்கிறது.

சரி, பழையது புதியது விஷயம். மூன்று கட்டமாகப் பாருங்க.

முதல் கட்டம் உங்களுடையது, 15 ஓம். இதன் கிராஸ்ஓவர், அதாவது அடி ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்து டிரைவர்களுக்கு அனுப்பும் சுற்று, எஃப்எல்6/23. பி110 கோனில் குரல் பகுதியில் ஒரு மேடு உண்டு, அந்த இடத்தில் ஒலி தேவைக்கு மேல் எழும்பும். அந்த மேட்டைத் தட்டிச் சமன் செய்வதற்கென்றே கிராஸ்ஓவரில் ஒரு பகுதி இருக்கிறது. ட்வீட்டர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பல முனை கொண்ட ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு. தொழிற்சாலையில் ஒவ்வொரு டிரைவரையும் அளந்து அதற்கேற்ப முனையை மாற்றி வைப்பார்கள்.

இரண்டாம் கட்டம் 1987. வருடங்கள் ஓட ஓட தயாரிப்பில் பி110 கோனின் தன்மை மெல்ல மாறிக்கொண்டே போனது. ஒன்றுபோல ஒன்று அமையவில்லை. அதனால் கெஃப் கோனின் விளிம்பையும் மற்றதையும் திருத்திப் புதிய பி110 செய்தது. கிராஸ்ஓவரும் மாறி எஃப்எல்6/38 ஆனது. மொத்த மின்தடை 11 ஓம் என்று ஆகிவிட்டது. அதைத்தான் 11 ஓம் மாடல் என்கிறோம். கெஃப் இந்த டிரைவர்களை நிறுத்தியதும் 1998 வாக்கில் எல்லாமே நின்றது.

மூன்றாம் கட்டம் இப்போது வருபவை. ஃபால்கன் பழைய 15 ஓம் வரையறைக்கே திரும்பிப் போய், பி110-ஐயும் டி27-ஐயும் புதிதாகச் செய்து, உரிமத்தோடு விற்கிறது. கிரஹாம் ஆடியோ வேறு வழியில் போனது. பழைய டிரைவருக்குப் பதிலாக வேறு டிரைவர், அதை வைத்து அதே ஒலிக்கு வருவது. அதைச் செய்த டெரெக் ஹியூஸ், ஸ்பெண்டாரை நிறுவிய ஸ்பென்சர் ஹியூஸின் மகன்.

இந்த மூன்றுமே ஒரே குறியை நோக்கி எறிந்த கல். எனவே பழையது மேலா, புதியது மேலா என்று கேட்காதீங்க. உங்கள் ஜோடி அந்தக் குறியை விட்டு எவ்வளவு விலகி இருக்கிறது என்று பாருங்க. குரல் இடது பக்கம் சாய்கிறது என்று நீங்கள் சொன்னதே போதும், இரண்டு பெட்டியும் ஒன்றுபோல இல்லை. இந்த வயதான ஜோடி இரண்டும் சேர்ந்து மெல்ல மங்கலாம். ஒன்று மட்டும் இப்படி மங்காது.

பின்னல் அண்ணா சொன்ன சக்தி விஷயம் சரி. ஒரு கணக்கு: 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப் என்றால் முழுச் சத்தத்தில் சுமார் 20 வோல்ட். அதே 20 வோல்ட் 15 ஓமில் கிட்டத்தட்ட 27 வாட்தான். 11 ஓமில் 36 வாட். 15 ஓம் மாடலுக்கு 16 ஓம் முனை உள்ள வால்வு ஆம்ப் பொருந்தும் என்று பலர் சொல்வது இதனால்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப் கெட்டதில்லை, அதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

கூம்பு (பவானி)

நான் 30 வருடமாக மைக் செட் தொழில். வீட்டு ஸ்பீக்கர் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் ஒரு பெட்டி மங்கினால் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

தம்பி, முதலில் ஸ்டீரியோவை விடுங்க. ஒரே குரல், மோனோ. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேலன்ஸை இடம் வலம் திருப்பிக் கேளுங்க. அப்புறம் ஆம்பின் பின்னால் வயரை இடது வலது மாற்றுங்க. மங்கல் வயரோடு போனால் கோளாறு ஆம்பில். பெட்டியோடு நின்றால் பெட்டியில்.

அடுத்து, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல். பிளஸ்ஸைச் சிவப்பு முனையில், மைனஸைக் கருப்பில், ஒரு தொடு தொட்டு எடுத்துவிடுங்க. கோன் முன்னால் வர வேண்டும். இரண்டும் ஒரே திசையில் வருகிறதா பாருங்க. ஒன்று உள்ளே போனால் யாரோ வயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். பரணில் கிடந்த சாமானில் இதெல்லாம் சகஜம்.

தடப்பள்ளி (கோபி)

கூம்பு அண்ணா, செய்து பார்த்துவிட்டேன். மங்கல் பெட்டியோடுதான் நிற்கிறது, ஆம்ப் நல்லா இருக்கிறது. பேட்டரி வைத்தால் இரண்டு கோனும் முன்னால்தான் வருகின்றன.

ஒன்று கவனித்தேன். வலது பெட்டியில் கிரில் துணியைக் கழற்றினால் ட்வீட்டரைச் சுற்றியிருக்கும் கம்பளியில் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது. அது காரணமாக இருக்குமா? கிரில் இல்லாமல் கேட்டால் இரண்டுமே கொஞ்சம் கூச்சலாக இருக்கிறது.

பஞ்சாலை (கோவை)

கிரில்லை மாட்டியே கேளுங்க. இந்த ஸ்பீக்கர் கிரில்லோடு சேர்த்துத்தான் அளந்து செய்யப்பட்டது. அந்தக் கம்பளி அலங்காரத்துக்கு இல்லை. முன்பலகையைச் சுற்றி எழும்பி நிற்கும் விளிம்பில் ட்வீட்டர் ஒலி பட்டுத் திரும்பாமல் தடுக்கிறது. அரித்த இடத்தில் அதே கனத்தில் கம்பளித் துண்டு ஒட்டினால் போதும். ஆனால் ஒரு மூலை அரித்ததற்காகக் குரலே மங்காது. அது வேறு.

கயிறு (பொள்ளாச்சி)

கோளாறு பெட்டியில்தான் என்று தெரிகிறது, அதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் அறையைப் பற்றிச் சொல்கிறேன். வடவள்ளியில் ஒரு வீட்டில் புதியதையும் கோபியில் ஒரு வீட்டில் பழையதையும் கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிட்டேன் என்றால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வீட்டைத்தான்.

இந்த ஸ்பீக்கர் 80 ஹெர்ட்சுக்குக் கீழே வேகமாக இறங்கிவிடும். அது தெரியாமல் இருக்க, அதற்குச் சற்று மேலே, 100-லிருந்து 150 ஹெர்ட்ஸ் பகுதியில் லேசாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆண் குரலின் அடி அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் சின்னப் பெட்டியிலிருந்து பெரிய குரல் வருகிறது. இதைக் கான்கிரீட் கூரை போட்ட பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு ஒட்டி வைத்தால் அறையும் அதே இடத்தில் தூக்கிவிடும், குரல் பானைக்குள் பேசின மாதிரி ஆகும். உங்கள் ஓட்டுக் கூரை இதற்கு வரம். சரிவாக இருக்கிறது, ஓட்டு இடுக்கு வழியாக அடி ஒலி வெளியே போய்விடும். கஷ்டம் கொடுப்பது காவித் தரையும் எதிர்ச்சுவரும்தான்.

என் ஆசாரமும் அதே மாதிரிதான். நான் செய்தது: ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவில் தரையில் ஒரு பவானி ஜமக்காளம், இரண்டாக மடித்து. எதிர்ச்சுவரில் ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தைத் துண்டு இரண்டு, மேலே சென்னிமலைப் போர்வை. நார் மெத்தை நம்ம பக்கம் சுலபமாகக் கிடைக்கும், இரண்டு அங்குல கனம் இருந்தால் கை தட்டும்போது வரும் 'டிங்' சத்தம் அடங்கிவிடும். ஸ்பீக்கரை ட்வீட்டர் காது உயரத்துக்கு வருகிற மாதிரி ஸ்டாண்டில் வைத்து, பின்சுவரிலிருந்து மூன்றடியாவது முன்னால் இழுத்து, இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்து கேளுங்க. இது வேனுக்குச் செய்த பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான்.

பின்னல் (திருப்பூர்)

பஞ்சாலை அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நான் சொன்னதில் ஒரு பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பழுது என்று தெரியும்போது விற்றால் பாதி விலைதான் கிடைக்கும், வாங்குகிறவருக்கும் நியாயம் இல்லை.

ஆனால் மற்ற பாதியில் நிற்கிறேன். குறி ஒன்றே என்கிறீர்கள். அந்தக் குறி ஒரு வேனுக்குள் பேச்சு கேட்பதற்கு வைத்தது. நம்ம வீட்டில் உருமியும் பறையும் கேட்கிறோம். எல்எஸ்50 எல்எஸ்3/5ஏ மாதிரி ஒலிக்காது, ஒலிக்க வேண்டியதும் இல்லை. உணர்திறன் 85 டெசிபல், பின்னால் துளை, சாதாரண ஆம்பில் நல்லா ஓடும். ஹார்பெத்தின் பி3 ஸ்பீக்கரும் பழைய குறியைத் தாண்டியதுதான். எல்எஸ்3/5ஏ-வின் அதே அளவு, அதே மாதிரி துளையில்லாத மூடிய பெட்டி. ஆனால் பெக்ஸ்ட்ரீனை விட்டுவிட்டு அவர்களுடைய சொந்தக் கோன். பழைய குறியைத் தாண்டிப் போனவர்களையும் புதிய வடிவம் என்றே எண்ண வேண்டும், இல்லையா?

பஞ்சாலை (கோவை)

எண்ணலாம். நீங்கள் சொல்வது வாரிசு, நான் சொல்வது மறுபதிப்பு. பறை கேட்பவருக்கு நானே எல்எஸ்3/5ஏ சொல்ல மாட்டேன். தம்பி கேட்டது வடவள்ளியில் நின்ற அந்தக் குரலை. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

கூம்பு (பவானி)

பெட்டியைத் திறந்துவிடுங்க தம்பி. பின்பலகை ஸ்க்ரூவில்தான் இருக்கும். காந்தத்தின் முதுகில் சீட்டு இருக்கும், இரண்டு பெட்டியிலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து இங்கே போடுங்க. ஸ்க்ரூ தலை பிய்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தடப்பள்ளி (கோபி)

திறந்தேன். வலது பெட்டியில் நாலு ஸ்க்ரூ தலை பிய்ந்திருந்தது.

இடது: பி110, எஸ்பி1003.
வலது: பி110, எஸ்பி1228.

கிராஸ்ஓவர் இரண்டிலும் எஃப்எல்6/23. பின்பக்கச் சீட்டு எண் ஒன்றேதான், இடதில் ஏ, வலதில் பி.

பெரியம்மாவிடம் கேட்டேன். 90-களின் ஆரம்பத்தில் ஒரு ராத்திரி மின்சாரம் ஏறி இறங்கியதில் ஒரு பெட்டி பேச்சை நிறுத்தியதாம். பெரியப்பா அதைத் தெரிந்தவர் மூலம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த அசல் கெஃப் சாமான் போட்டோம் என்று சொல்லி நிறைய காசு வாங்கினார்களாம். "அதுக்கப்புறம் அவர் அதை அவ்வளவா கேக்கறதே இல்ல" என்றார். எனக்கு அது மட்டும் நெஞ்சில் நிற்கிறது. அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பஞ்சாலை (கோவை)

கண்டுபிடித்துவிட்டீர்கள். எஸ்பி1003 உங்கள் 15 ஓம் மாடலுக்கு உரியது. எஸ்பி1228 என்பது 1987-க்குப் பிறகு வந்த 11 ஓம் மாடலின் டிரைவர். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அசல் கெஃப் பி110-தான். பெயர் ஒன்று, உள்ளே வேறு.

இப்போது என்ன நடக்கிறது என்றால், உங்கள் கிராஸ்ஓவர் பழைய கோனின் மேட்டைத் தட்டுவதற்காகச் செய்தது. புதிய கோனில் அந்த மேடு அதே இடத்தில் அதே அளவில் இருக்காது. இல்லாத மேட்டைத் தட்டினால் அங்கே பள்ளம் விழும். குரலின் நடுப்பகுதி அந்தப் பள்ளத்தில் போய்விடுகிறது. அதைத்தான் போர்வை போர்த்திய மாதிரி என்று சொன்னீர்கள். உங்கள் இடது பெட்டி 1982, வலது பெட்டி பாதி 82, பாதி 87. இரண்டு காலத்து டிரைவரும் தனித்தனியே நல்லவை, அவரவர் கிராஸ்ஓவரோடு இருக்கும்வரை.

உங்கள் பெரியப்பாவின் காது நல்ல காதுங்க.

அமராவதிக்கரை (கரூர்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். திறந்ததுதான் திறந்தாயிற்று, கிராஸ்ஓவரில் உள்ள 40 வருடத்துக் கெப்பாசிட்டரை எல்லாம் மாற்றிவிடலாமா என்று தம்பிக்குத் தோன்றும். என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த 11 ஓம் ஜோடிக்கு விலை உயர்ந்த பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் வரவழைத்து மொத்தமாக மாற்றினேன். ஒலி பளபளவென்று ஆனது. முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதத்தில் வயலினும் பெண் குரலும் காதைக் குத்த ஆரம்பித்தன. பழைய கெப்பாசிட்டருக்குள் இருக்கும் சின்ன மின்தடையையும் சேர்த்துத்தான் ட்வீட்டர் அளவை அவர்கள் வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. பழசை எறிந்துவிட்டதால் திரும்பப் போக முடியவில்லை. ஜோடியை விற்றுவிட்டேன், இன்றைக்கும் வருத்தம்.

கெப்பாசிட்டர் மதிப்பைக் காட்டும் எல்சிஆர் மீட்டர் வைத்து ஒவ்வொன்றாக அளங்க. மதிப்பு சரியாக இருந்தால் கை வைக்காதீங்க.

தடப்பள்ளி (கோபி)

அளந்தேன் அண்ணா. பொள்ளாச்சியிலிருந்து கயிறு அண்ணா மீட்டரைக் கொண்டு வந்து உதவினார். எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன, இடதும் வலதும் ஒத்துப்போகின்றன. தொடவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மூன்று பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டோம். என் இடது, என் வலது, வடவள்ளி நண்பரின் புதிய ஜோடியில் ஒன்று. கயிறு அண்ணா சொன்னபடி ஒரே அறை, ஒரே ஆம்ப், மோனோ. இரைச்சல் ஒலியை ஓடவிட்டு ஃபோனில் அளந்து சத்தத்தைச் சமமாக்கினோம். முன்னால் கொடிக்கயிற்றில் மெல்லிய வேட்டியைத் தொங்கவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் மறைத்தோம்.

பிபிசியில் ஆள் பேசுவதை நேரில் கேட்டு, உடனே அதே குரலை ஸ்பீக்கரில் கேட்டு ஒப்பிடுவார்கள் என்று படித்திருந்தேன். அதனால் அம்மாவை நண்பர் வீட்டு முற்றத்தில் உட்கார வைத்து, பேப்பரில் வந்த ஈரோடு மஞ்சள் விலை நிலவரத்தை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். முற்றத்தில் என்றதால் அறையின் எதிரொலி சேரவில்லை. அப்புறம் அவரே எதிரில் நின்று இரண்டு வரி வாசிப்பார், பிறகு பதிவு ஓடும்.

என் பழைய இடது பெட்டியும் புதியதும் மாறி மாறி ஓடியபோது நாங்கள் நாலு பேரும் சரியாகச் சொன்னது பாதிக்குப் பாதிதான். குத்துமதிப்பாகச் சொன்னதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ரொம்ப நேரம் கேட்ட பிறகு ஒன்று பிடிபட்டது. "ச", "ஷ" எழுத்துகளில் புதியது ஒரு நூல் அதிகம் தெளிவு. பழையது அந்த இடத்தில் கொஞ்சம் மிருது. உடுக்கைப் பாட்டு ஒன்றை ஓடவிட்டோம். உடுக்கையின் கயிற்றை அழுத்தும்போது ஒலி வளைந்து ஏறுமே, அது இரண்டிலும் ஒன்றுபோல ஏறியது. தோலில் கை விழும் முதல் அடி புதியதில் சற்று இறுக்கம். அவ்வளவுதான்.

வலது பெட்டியை ஓடவிட்டதும் நாலு பேரும் ஒரே நேரத்தில் கை தூக்கிவிட்டோம். அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமே இல்லை. "இது நான் சளி பிடிச்சப்ப பேசற மாதிரி இருக்கு" என்றார்.

1982-க்கும் இப்போதைய தயாரிப்புக்கும் நடுவில் நான் தேடிப்போன வித்தியாசம் முழுக்க என் வலது பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. விற்கப் போவதில்லை. வாங்க இருந்தவரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஒற்றை எஸ்பி1003 எங்கேயாவது தேடுவதா, ஃபால்கன் செய்கிற புதிய பி110-ஐ ஜோடியாக வாங்கி இரண்டிலும் போடுவதா?

பஞ்சாலை (கோவை)

ஜோடியாகப் போடுங்க. ஒற்றை 1003 கிடைத்தாலும் அது எந்த வருடத்தது, தன்மை எவ்வளவு மாறியிருக்கும் என்று தெரியாது, இடதோடு சேருமா என்பது அதிர்ஷ்டம். புதியவற்றை வாங்கும்போதே ஒத்த ஜோடியாகக் கேட்டு வாங்குங்க. இடதிலிருந்து கழற்றும் 1003-ஐ எறியாதீங்க. காந்தத்தில் "1982, ரோஜர்ஸ், ஏ" என்று எழுதி, தூசு போகாமல் சுற்றி, நிமிர்த்தி வைங்க. 1228-ஐயும் வைத்திருங்க. 11 ஓம் ஜோடி வைத்திருக்கும் யாருக்காவது ஒரு நாள் உயிர் கொடுக்கும்.

வடவள்ளி நண்பருக்கும் ஒரு வேலை. உங்கள் ட்வீட்டர் இன்னும் அசல் டி27. டிரைவர் மாற்றிய பிறகு அதே ஒப்பீட்டை மறுபடி செய்யுங்க. "ச"-வில் கேட்ட அந்த மிருது அப்படியே இருந்தால் அது டி27-ன் வயது. போய்விட்டால் அது பழைய பி110-லிருந்து வந்தது. எனக்கே அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

பின்னல் (திருப்பூர்)

அந்த இரண்டாவது ஒப்பீட்டுக்கு என் எல்எஸ்50-ஐயும் கொண்டு வரலாமா? பறையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

தடப்பள்ளி (கோபி)

கட்டாயம் வாங்க அண்ணா. இந்த முறை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆசாரத்தில் ஜமக்காளம் விரித்துவிட்டேன். பூச்சி அரித்த இடத்துக்குக் கம்பளியும் ஒட்டியாயிற்று.

ஃபால்கன் ஜோடி நேற்று வந்து சேர்ந்தது. இன்னும் பற்றவைக்கவில்லை. கூம்பு அண்ணா, பவானியிலிருந்து நீங்கள் வரும்போது அந்தப் பேட்டரி செல்லோடு வாங்க. வயர் எந்த முனையில் போகிறது என்று நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டால், பின்பலகையை மூடிவிடலாம். ஸ்க்ரூ எல்லாம் புதுசாக வாங்கி வைத்திருக்கிறேன்.